மூன்று சந்தா, ஒரு தாள்

பாட்டுப் பெட்டி: வாசகர் கேள்வி பதில்

போன இதழில் ஒருவர் “பாட்டு ஆப்களில் எது மலிவு?” என்று கேட்டிருந்தார். “நீங்கள் எவ்வளவு நேரம் கேட்பீர்கள், அதைச் சொல்லுங்கள் முதலில்” என்று ஒரே வரியில் எழுதி அனுப்பிவிட்டேன். அந்த ஒரு வரிக்கு வந்த கடிதங்களில் ஏழுக்கு இங்கே பதில். புதியவர்களுக்காக: பினாங்கு கடைத்தெருவில் ஒரு கேசட் கடையின் பின்கட்டில் 1985 முதல் 2007 வரை உட்கார்ந்து பாட்டுப் பதிவு செய்து கொடுத்தவன் நான். இப்போது என் போனில் மூன்று பாட்டு ஆப் இருக்கிறது. காசு கட்டுவது ஒன்றுக்குத்தான்.

*

வீட்டில் மூன்று பேர். நான் பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை. கம்பெனி பஸ்ஸில் போக முக்கால் மணி, வர முக்கால் மணி, பாட்டுத்தான் துணை. மனைவி தமிழ்ப்பள்ளி ஆசிரியை. ஞாயிற்றுக்கிழமை சமைக்கும்போது கேட்பார். மகள் செர்டாங்கில் பல்கலைக்கழக விடுதியில் இருக்கிறாள். எனக்கு ஸ்பாட்டிஃபை, மனைவிக்கு யூடியூப் மியூசிக், மகளுக்கு ஆப்பிள் மியூசிக். மாதம் ஐம்பது வெள்ளிக்கு (ரிங்கிட்) கிட்டே போகிறது. மூன்றையும் ஒரே குடும்பத் திட்டத்தில் போட்டால் லாபமா?
வாசகர், புக்கிட் மெர்தாஜாம்

தம்பி, இன்றைய விலையை இங்கே அச்சடிக்க மாட்டேன். இதழ் உங்கள் கைக்கு வருவதற்குள் மாறிவிடும். 2013 ஏப்ரலில் ஸ்பாட்டிஃபை மலேசியாவுக்கு வந்தபோது மாதம் 14 வெள்ளி 90 காசு. 2020 ஜனவரியில் வெளிநாட்டு இணையச் சேவைகளுக்கு 6 விழுக்காடு சேவை வரி வந்தது, 2024 மார்ச்சில் அது 8 ஆனது. இடையில் நிறுவனங்களும் தங்கள் பங்குக்கு ஏற்றின. ஆகவே கணக்குக்காக ஒரு சந்தா 15 வெள்ளி என்று வைத்துக்கொள்வோம்.

நீங்கள் மாதம் 26 நாள் வேலைக்குப் போகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். நாளுக்கு ஒன்றரை மணி, ஆக 39 மணி நேரம். பதினைந்து வெள்ளியை அதில் வகுத்தால் ஒரு மணி நேரப் பாட்டு நாற்பது காசுகூட இல்லை. அந்தப் பஸ்ஸில் உங்களைக் கரையேற்றுவது அந்த நாற்பது காசுதான். அதில் கை வைக்காதீர்கள். தங்கச்சி, அதான் உங்கள் மனைவி, ஞாயிறு முக்கால் மணி கேட்டால் மாதத்துக்கு மூன்று மணி நேரம். மணிக்கு ஐந்து வெள்ளி! மாமாக் கடையில் ரொட்டி சானாயும் தே தாரேக்கும் வாங்கி, அங்கே ஓடும் பாட்டையும் ஓசியில் கேட்டுவிட்டு வரலாம். யூடியூப் மியூசிக்கின் இலவசப் பதிப்பில் திரையை அணைத்தால் பாட்டு நிற்கும், நடுவில் விளம்பரம் வரும். அடுப்படியில் போனைச் சாய்த்து வைத்துக் கேட்பவருக்கு அது ஒரு தொந்தரவா? முதலில் அந்தச் சந்தாவை நிறுத்துங்கள். நான் சொன்னேன் என்று சொல்ல வேண்டாம்.

இனி குடும்பத் திட்டம். அது பொதுவாக ஒற்றைச் சந்தாவைப் போல ஒன்றரை மடங்கிலிருந்து இரண்டு மடங்குக்குள் இருக்கும், ஆறு பேர் வரை சேரலாம். ஆறு பேரும் கேட்டால் அதைவிட மலிவு கிடையாது. ஆனால் ஸ்பாட்டிஃபையிலும் யூடியூபிலும் எல்லோரும் ஒரே வீட்டில் குடியிருக்க வேண்டும் என்று நிபந்தனை உண்டு. உங்கள் மகள் இருப்பதோ செர்டாங்கில். ஸ்பாட்டிஃபையில் இருவருக்கான டுவோ திட்டத்துக்கும் அதே முகவரி விதிதான். ஆப்பிள் முகவரியைக் கேட்பதில்லை. எல்லோர் கணக்கும் ஒரே நாட்டில் பதிவாகியிருக்க வேண்டும், ஒருவர் பொறுப்பேற்றுப் பணம் கட்ட வேண்டும், அவ்வளவே. ஆண்ட்ராய்டு போனிலும் ஆப்பிள் மியூசிக் ஓடும் என்பது பலருக்குத் தெரியாது.

ஆனால் மகளுக்கு இதெல்லாம் தேவையே இல்லை. மூன்று நிறுவனத்திலும் மாணவர் திட்டம் இருக்கிறது, ஏறக்குறையப் பாதி விலை. படிக்கிறாள் என்று வருடத்துக்கு ஒரு தடவை உறுதி செய்ய வேண்டும். அவள் அதற்கு மாறட்டும். உங்களுக்கு முழுச் சந்தா ஒன்று, அவளுக்கு அரைச் சந்தா ஒன்று. ஐம்பது வெள்ளி இருபத்து மூன்று, இருபத்து நான்கில் வந்து நிற்கும்.

எதில் அந்த முழுச் சந்தா என்பதுதான் மீதிக் கேள்வி. அதற்கு என் பழைய தொழிலைத்தான் சொல்ல வேண்டும். அந்த நாளில் வாடிக்கையாளர் ஒரு தாளில் பாட்டின் முதல் வரிகளை எழுதிக்கொண்டு வருவார். தோட்டத்திலிருந்து வருகிறவர் சிகரெட் அட்டையின் உள்பக்கத்தில் எழுதியிருப்பார். அறுபது நிமிட வெறும் கேசட்டில் பக்கத்துக்கு அரை மணி. ஆறு, ஏழு பாட்டு. தாளைப் பார்த்த உடனே என்னிடம் எத்தனை இருக்கிறது, எத்தனைக்கு அடுத்த தெருக் கடைக்கு ஓட வேண்டும் என்று எனக்குத் தெரிந்துவிடும். நீங்களும் ஒரு தாள் எடுங்கள். இருபது பாட்டு எழுதுங்கள். புதுப்படப் பாட்டு எல்லாவற்றிலும் இருக்கும், அதை எழுதி இடத்தை வீணாக்காதீர்கள். அப்பா முணுமுணுத்த பாட்டு, கல்யாணத்தில் நாதஸ்வரக்காரர் வாசித்தது, கோயில் திருவிழாவில் கேட்டது, நம் ஊர்ப் பையன்கள் பாடியது, இப்படி எழுதுங்கள். ஸ்பாட்டிஃபையிலும் யூடியூப் மியூசிக்கிலும் இலவசமாகவே தேடிப் பார்க்கலாம். ஆப்பிளில் இலவசப் பதிப்பு கிடையாது, சோதனை மாதத்தில் பார்க்க வேண்டும். எதில் அதிகம் கிடைக்கிறதோ அதற்குக் காசு கட்டுங்கள்.

என் தாளில் உள்ளவற்றில் ஓர் ஆப்பில் மூன்று பாட்டு இல்லை, இன்னோர் ஆப்பில் வேறு இரண்டு இல்லை. யூடியூப் மியூசிக்கில் எல்லாம் கிடைத்தது, ஏனென்றால் யாரோ ஒரு புண்ணியவான் பழைய தட்டை ஓடவிட்டுப் பதிவு செய்து ஏற்றியிருக்கிறார். பாதியில் அவர் வீட்டு நாய் குரைக்கிறது. பரவாயில்லை. அதில் இன்னொரு வசதி: கம்ப்யூட்டரிலுள்ள உங்கள் சொந்தப் பாட்டுகளை ஒரு லட்சம் வரை ஏற்றி வைத்துக்கொள்ளலாம், அதற்குச் சந்தாவும் வேண்டாம். என் பழைய கேசட்டுகளைக் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றி அதில்தான் சேர்த்து வருகிறேன்.

பஸ்ஸுக்கு இன்னொன்று. வீட்டு வைஃபையில் பாட்டை இறக்கி வைத்துக்கொண்டு போங்கள். பினாங்குப் பாலத்தின் நடுவில் லைன் விட்டுப் போனாலும் பாட்டு விடாது. ஸ்பாட்டிஃபையில் முப்பது நாளுக்கு ஒரு தடவையாவது இணையத்துக்கு வந்து போக வேண்டும். சந்தா நின்றால் இறக்கியதும் போய்விடும். அது வாடகைப் பாட்டு என்பதை மறக்கக்கூடாது.

*

பசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) ஒரு பையன் பத்து வெள்ளிக்கு “வாழ்நாள் பிரீமியம்” போட்டுத் தருகிறான். போடலாமா அங்கிள்?
வாசகர், செந்தூல்

யாருடைய வாழ்நாள் என்று கேட்டீர்களா? திருத்திய ஆப்பை உங்கள் போனில் ஏற்றப் போகிறான், அதே போனில்தான் உங்கள் வங்கி ஆப்பும் இருக்கிறது. பத்து வெள்ளிக்கு நாசி லெமாக் சாப்பிடுங்கள்.

*

எனக்கு 71 வயது. காலை ஐந்து மணிக்குச் சீர்காழி, டி.எம்.எஸ். பக்திப் பாட்டு, மாலையில் பழைய படப்பாட்டு. போனில் பிரீபெய்ட் டேட்டாதான். பேரன் மாதச் சந்தா போடச் சொல்கிறான். வேண்டுமா? போட்டாலும் தேடினால் கிடைப்பதில்லை.
வாசகர், நிபோங் திபால்

ஐயா, பேரன் சொல்வதைக் கொஞ்சம் ஒத்திப் போடுங்கள்.

உங்களுக்கு முதல் பாட்டுப் பெட்டி அரசாங்கத் தமிழ் வானொலியான மின்னல் எஃப்.எம். காசு இல்லை, டேட்டா இல்லை, தேட வேண்டிய வேலையும் இல்லை. ரேடியோ சரியாக எடுக்காத வீடாக இருந்தால் ஆர்.டி.எம். கிளிக் ஆப்பில் வரும். ராகா வானொலிக்கு சியோக் ஆப். இரண்டும் இலவசம், ஆனால் ஆப்பில் கேட்டால் டேட்டா போகும்.

எவ்வளவு போகும் என்று சொல்கிறேன். ஆப்பில் ஒலித் தரத்தை நொடிக்கு 96 கிலோபிட்டில் வைத்தால் மணிக்கு 43 எம்.பி. 160-இல் 72 எம்.பி. 320-இல் 144 எம்.பி. காலை ஒரு மணி, மாலை ஒரு மணி என்று 160-இல் கேட்டால் மாதத்துக்கு நாலரை ஜி.பி.க்குக் கொஞ்சம் குறைவு. பழைய பாட்டுக்கு 96 தாராளம். பேரனை விட்டு அமைப்பில் மாற்றச் சொல்லுங்கள். யூடியூபில் படத்தோடு ஓடவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டு கேட்கிறவர்கள் இருக்கிறார்களே, அவர்கள் டேட்டாவை வாய்க்காலில் கொட்டுகிறார்கள்.

ஒரே தடவை செலவு செய்ய மனம் இருந்தால் சரிகம நிறுவனத்தின் கார்வான் பெட்டியைப் பாருங்கள். 2017-இல் வந்தது. பழைய டிரான்சிஸ்டர் ரேடியோ மாதிரி இருக்கும். தமிழ்ப் பெட்டியில் ஐயாயிரம் பாட்டு உள்ளேயே இருக்கிறது. பாடகர், இசையமைப்பாளர் பெயரைத் திருகினால் ஓடும். இணையம் வேண்டாம், கண்ணாடி தேட வேண்டாம். சரிகம என்பது நமக்குத் தெரிந்த அந்த எச்.எம்.வி.தான், நாய் உட்கார்ந்திருக்குமே, அது. அதனால் உள்ளே இருப்பதும் அவர்கள் வசமுள்ள பாட்டுத்தான். மற்றதைப் பென்டிரைவில் போட்டுச் செருகிக் கேட்கலாம். வாங்கும்போது தமிழ்ப் பெட்டியா என்று ஒன்றுக்கு இரண்டு தடவை பாருங்கள். என் சிநேகிதர் ஒருவர் இந்திப் பெட்டி வாங்கிவிட்டு இப்போது இந்தி கற்றுக்கொண்டிருக்கிறார்.

தேடினால் கிடைப்பதில்லை என்கிறீர்கள். பாட்டு இருக்கிறது ஐயா, பெயர்தான் குளறுபடி. ஆங்கிலத்தில் ‘ழ’வுக்கு ஒருவர் இரண்டு எழுத்துப் போடுவார், ஒருவர் ஒரே எழுத்தோடு விடுவார்; சீர்காழி அதனால் மூன்று நான்கு ஆளாகப் பிரிந்து கிடக்கிறார். சௌந்தரராஜனும் அப்படியே. பாடகர் பெயரை விட்டுவிட்டுப் படத்தின் பெயரைப் போடுங்கள். இல்லையென்றால் இசையமைப்பாளர்: பல ஆப்களில் ஆல்பம் அவர் பெயரில்தான் பதிவாகியிருக்கும். இதிலும் ஒரு கண்ணி. விஸ்வநாதனும் ராமமூர்த்தியும் 1965-இல் பிரிந்தார்கள். அதற்கு முந்தைய பாட்டை எம்.எஸ்.வி. என்று மட்டும் தேடினால் பாதி வராது, இரண்டு பெயரையும் சேர்த்துப் போட வேண்டும். பேரனுக்கு இதைச் சொல்லிக் கொடுங்கள். கடையில் எனக்கு உதவிக்கு வந்த பையன்களுக்கு நான் முதல் வாரம் கற்றுக் கொடுத்த பாடம் இதுதான்.

*

‘லாஸ்லெஸ்’ இருக்கும் சேவைக்குத்தான் மாற வேண்டும் என்று நண்பர்கள் சொல்கிறார்கள். உண்மையிலேயே வித்தியாசம் கேட்குமா?
கல்லூரி மாணவர், கோலாலம்பூர்

எதில் கேட்கிறீர்கள்? புளூடூத் இயர்போன் என்றால் கதை அங்கேயே முடிந்தது. இழப்பில்லாத ஒலியை ஆப் அனுப்பினாலும், காற்றில் உங்கள் காதுக்கு வரும் வழியில் புளூடூத் பெரும்பாலும் அதை மறுபடி சுருக்கிவிடும். ஆப்பிளே தன் ஏர்பாட்ஸ் புளூடூத்தில் லாஸ்லெஸ் வராது என்று சொல்லித்தான் விற்கிறது. கம்பி வைத்த நல்ல ஹெட்போன் இருந்தால் பேசலாம்.

சி.டி.யில் ஒரு நொடிக்கு 44,100 மாதிரி, ஒவ்வொன்றும் 16 பிட், இடதும் வலதுமாக இரண்டு. பெருக்கினால் நொடிக்கு 1,411 கிலோபிட். ஸ்பாட்டிஃபையின் பழைய உச்சம் 320. எண்ணைப் பார்த்தால் நாலு மடங்குக்கு மேல். காதுக்கு அந்த நாலு மடங்கு தெரியாது தம்பி. கண்ணைக் கட்டி மாற்றி மாற்றிப் போட்டால் என்னால் பத்துக்கு ஐந்துதான் சொல்ல முடிந்தது. அதற்குக் காசைச் சுண்டிப் போட்டே சொல்லியிருக்கலாம்.

ஆப்பிள் 2021 ஜூனிலிருந்து லாஸ்லெஸ்ஸைக் கூடுதல் காசில்லாமல் தருகிறது. ஸ்பாட்டிஃபை அதே 2021-இல் அறிவித்துவிட்டு 2025 செப்டம்பரில்தான் நாடு நாடாகக் கொடுக்கத் தொடங்கியது. அதனால் இதற்கென்று தனியாகக் காசு கட்டும் காலம் ஏறக்குறைய முடிந்துவிட்டது. சும்மா வந்தால் வாங்கிக்கொள்ளுங்கள், இதற்காக மாறாதீர்கள்.

தமிழ்ப் பாட்டில் இன்னொரு சங்கதி. எழுபதுகளுக்கு முந்தைய பாட்டு பல தேய்ந்த தட்டிலிருந்தும் நாடாவிலிருந்தும் எடுத்தது. லாஸ்லெஸ்ஸில் போட்டால் அந்த இரைச்சலும் இழப்பில்லாமல் வரும். கடையில் நான் தினம் காலையில் ரெக்கார்டர் ஹெட்டைப் பஞ்சில் ஸ்பிரிட் தொட்டுத் துடைப்பேன், நல்ல கம்பெனி வெறும் கேசட் போடுவேன், மூலத் தட்டு கீறலாக இருந்தால் இரண்டும் வீண். மூலம் எப்படியோ அப்படித்தான் நகல்.

*

வாழையிலைச் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கிறேன். என் சொந்தச் சந்தாவைத்தான் கடை ஸ்பீக்கரில் ஓடவிடுகிறேன். பிரச்சினை வருமா?
வாசகி, ஜார்ஜ்டவுன்

வரலாம் அக்கா. நீங்கள் கட்டும் மாதக் காசு உங்கள் சொந்தக் காதுக்கு மட்டும். கடையில் ஓடவிடக்கூடாது என்று அந்த நீண்ட ஒப்பந்தத்தில் எழுதியிருக்கிறது. யாரும் படிக்காமல் ‘சம்மதம்’ தட்டுவோமே, அதில். ஆப் நிறுவனம் ஒரு பக்கம். இன்னொரு பக்கம், 1987 பதிப்புரிமைச் சட்டப்படி பொது இடத்தில் பாட்டு ஓடவிட உரிமம் எடுக்க வேண்டும். பாடலாசிரியர், இசையமைப்பாளர் பங்குக்கு எம்.ஏ.சி.பி., ஒலிப்பதிவு நிறுவனங்களின் பங்குக்கு பி.பி.எம். கட்டணம் கடையின் அளவைப் பொறுத்தது. ரேடியோ வைத்தால் தப்பிக்கலாம் என்று உங்கள் பக்கத்துக் கடைக்காரர் சொல்லியிருப்பார். கடையில் ரேடியோ போட்டாலும் அது பொது இடம்தான். இரண்டு அமைப்பையும் நேரே கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

எங்கள் கடையில் நாள் முழுக்க வாசலுக்கு ஸ்பீக்கர் வைத்து அலறவிட்டோம், உரிமம் என்ற சொல்லையே கேட்டதில்லை. அந்தக் காலத்துப் பாவம், நான் மறைக்கவில்லை.

*

நம் மலேசியத் தமிழ்க் கலைஞர்களுக்கு என் சந்தாக் காசில் ஏதாவது போய்ச் சேருகிறதா?
வாசகர், கிள்ளான்

போகிறது, சுற்றி வளைத்து. நீங்கள் மாதம் முழுக்க நம் ஊர்ப் பையன் ஒருவனை மட்டும் கேட்டாலும் உங்கள் வெள்ளி நேரே அவன் பைக்குப் போகாது. எல்லோர் பணமும் ஒரு குடத்தில் விழும். அதில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு உரிமையாளர்களுக்கு. யார் பாட்டு மொத்தத்தில் எத்தனை தடவை ஓடியதோ அந்த விகிதத்தில் பிரிப்பார்கள். குடத்தில் கை போடும் வரிசையில் சென்னைப் பெரிய படங்கள் முன்னால் நிற்கும். ஸ்பாட்டிஃபையில் 2024-இலிருந்து ஒரு பாட்டு பன்னிரண்டு மாதத்தில் ஆயிரம் தடவையாவது ஓடியிருக்க வேண்டும், இல்லையென்றால் அந்தப் பாட்டுக்குக் காசே இல்லை. புதிதாகப் பாடத் தொடங்கும் பிள்ளைக்கு ஆயிரம் என்பது சின்ன எண் இல்லை.

2006-இல் நம் ஊர் ராப் குழுவான யோகி பி, நட்சத்திராவின் தட்டு வந்தபோது எங்கள் கடையில் அதைக் கேட்டு வந்தவர்கள் பாதிப் பேர் பள்ளிச் சீருடையில் இருந்தார்கள். ஆளுக்குக் கொஞ்சம் போட்டு மூன்று பேர் சேர்ந்து ஒன்று வாங்குவார்கள். அப்படி வாங்கிய காசு எங்கே போனது என்று விரல் விட்டுச் சொல்லலாம். இன்றைக்கு உள்ளூர்க் கலைஞருக்குக் கை கொடுக்க நினைத்தால் நிகழ்ச்சிக்கு டிக்கெட் வாங்குங்கள், தட்டு விற்றால் வாங்குங்கள், பாட்டை நண்பர்களுக்கு அனுப்பி அந்த ஆயிரத்தைத் தாண்டவிடுங்கள். சந்தா உங்கள் வசதிக்கு.

*

இலவசச் சோதனை மாதம் முடிந்ததும் ஆப்பை அழித்துவிட்டேன். ஆனாலும் கார்டில் பணம் எடுக்கிறார்கள். எப்படி?
வாசகி, பிறை

ஆப்பை அழிப்பது கடையின் முகவரித் தாளைக் கிழித்துப் போடுவது மாதிரி அம்மா. கடைக்காரர் கணக்குப் புத்தகத்தில் உங்கள் பெயர் அப்படியே இருக்கும். எங்கே சேர்ந்தீர்களோ அங்கேயே போய்ச் சந்தாவை ரத்து செய்ய வேண்டும்: ஐபோன் வழியாகச் சேர்ந்திருந்தால் ஆப்பிள் கணக்கின் சந்தாப் பகுதியில், ஆண்ட்ராய்டு வழியாக என்றால் கூகுள் பிளேயில், இணையத்தளத்தில் கார்டு கொடுத்திருந்தால் அந்தத் தளத்தில். இன்னொன்றையும் பார்த்துக்கொள்ளுங்கள்: யூடியூப் சந்தாவை ஐபோன் ஆப்புக்குள் எடுத்தால் விலை கூடுதலாக இருக்கும், அதையே பிரவுசரில் திறந்து எடுத்தால் குறையும். பாட்டு ஒன்றுதான்.

எனக்கும் இது நடந்தது. எந்தச் சேவை என்பது வேண்டாம். ஒரு தீபாவளிக்கு முன் சோதனை மாதம் எடுத்தேன். பொங்கல் கழிந்து, மாசி மகமும் கழிந்து, வங்கிக் கணக்கைப் பார்த்த என் மருமகள்தான் “மாமா, இது என்ன மாதா மாதம்?” என்று கேட்டாள். அந்த ஆப்பில் நான் கேட்டது மொத்தம் இரண்டு பாட்டு. இப்போது எது எடுத்தாலும் அன்றைக்கே ரத்து செய்துவிடுகிறேன். பெரும்பாலும் மாதக் கடைசி வரை ஓடும். ஆப்பிளின் இலவசச் சோதனை மட்டும் ரத்து செய்த நிமிடமே நின்றுவிடலாம், அதை முடிய ஒரு நாள் இருக்கும்போது செய்யுங்கள். தேதியைச் சுவர் காலண்டரில் சிவப்பு மையில் எழுதி வைத்திருக்கிறேன், அமாவாசைக்குப் பக்கத்தில்.